மலேசியா – ஆறரை மணி

ஹனியாவின் போன் வந்தபோது காலை மணி ஆறரை. மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஜெய்புன்னிசாவும் அவள் புருஷன் ஷபீரும் நடத்தும் நாஸ்தா கடையில் முதல் ஈடு இட்லி அப்போதுதான் இறங்கியிருந்தது. ஜெய்பு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மாமி, அம்மா பூட்டாங்க."

ஹனியா அவளுடைய அண்ணன் மகள். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அத்தாவின் தங்கையை மாமி என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அண்ணனும் தங்கையும் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது தெரிந்தும் இந்தப் பெண் வாரம் தவறாமல் மாமிக்குப் போன் போடுவாள். இன்று அவள் குரலில் அழுகை இல்லை, ஓட்டம்தான் இருந்தது.

"விடிகாலைல நெஞ்சு வலின்னாங்களாம், அவ்ளோதான் மாமி. நான் ஏர்போர்ட்டுக்குப் போய்க்கினு கீறேன். பதினொண்ணரை ஃபிளைட்ல சீட்டு கெடச்சிடுச்சி. டிக்கெட்ட அத்தாவுக்கு அனுப்சிட்டேன். அம்மா மொகத்த நான் பாத்துடுவேன்ல?"

"வா" என்றாள் ஜெய்பு. 

கணக்குப் போட அவளுக்கு விரல் வேண்டாம். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வானம். பறப்பதற்கு நாலு மணி நேரம். அந்த ஊர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடும். அங்கே பதினொன்றரை என்றால் இங்கே ஒன்பது. ஒரு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குவாள். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம். நாலு மணிக்குக் கடப்பாக்கம் வீட்டு வாசலில் இருப்பாள். அஸர் தொழுகை நாலரைக்கு. தாராளமாகப் பார்க்கலாம், அஸர் வரைக்கும் மய்யித்தை அடக்காமல் வைத்திருந்தால்.

வைத்திருக்க மாட்டார்கள். ஏன் மாட்டார்கள் என்பதும் ஜெய்புவுக்குத் தெரியும். அடுப்பை அணைத்தாள். செத்துப்போன அண்ணி ஆபிதாவை நினைத்து வருத்தம் வந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வருத்தத்தின் பின்னாலேயே இன்னொன்றும் செருப்பைக்கூட கழற்றாமல் உள்ளே வந்தது. சந்தோஷம். அண்ணன் மாட்டினான்யா மாட்டினான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கைகொட்டியது. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். அவள் பட்டதை அவர்கள் படவில்லை.

பட்டது இதுதான். ஜெய்புவின் அண்ணன் ஜெயினுலாபுதீனுக்குக் கடப்பாக்கத்தில் ஐஸ் கம்பெனி. அந்தக் கம்பெனி லாரியை ஓட்டியவன் ஷபீர். லாரிக்காரனைத்தான் கட்டுவேன் என்று தங்கை நின்றதும், "போ. ஆனா இனிமே இந்த வூட்ல யாரு மூஞ்சியும் நீ பாக்க மாட்டே" என்று அண்ணன் சொன்னான். ஷபீரும் ஜெய்புவும் மலேசியாவுக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடம் வேலை பார்த்தார்கள். நடுவில் ஒரு தடவை, ஐஸ் மெஷின் பார்க்க அண்ணனே கோலாலம்பூர் வர வேண்டியிருந்தது. வெட்கம் பார்த்தால் வழி தெரியாதே, தங்கை புருஷனைத்தான் விமான நிலையத்துக்கு வரச் சொன்னான்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா போனாள். ஜெய்பு மறுநாள் காலை ஒன்பது மணி விமானத்தில் ஏறினாள். "பத்தரைக்கு மெட்ராஸ்ல இறங்கிடுவேன், ரெண்டு மணிக்குள்ள வூட்ல இருப்பேன், அஸர் வரைக்கும் வச்சிருங்கண்ணே" என்று அண்ணனிடம் போனில் கெஞ்சிவிட்டுத்தான் ஏறினாள். அண்ணன் பள்ளிவாசல் ஜமாஅத்தாரிடம் போய் தன்னுடைய பழைய விமானச் சீட்டை எடுத்துக் காட்டினான். சென்னையில் காலை பத்துக்கு ஏறி, கோலாலம்பூரில் மாலை நாலரைக்கு இறங்கியதாக அதில் அச்சடித்திருந்தது. "பாருங்க, ஆறரை மணி நேரம். ஒம்போதுக்கு ஏறினவ மூணரைக்கு இறங்குவா. ரோட்ல ரெண்டரை மணி. பொழுது சாஞ்சி மஃரிப் ஆயிடும். அதுவரைக்கும் மய்யித்த வெக்கலாமா?" ஐஸ் கம்பெனி முதலாளி அச்சடித்த காகிதத்தோடு வந்து சொன்னால் யார் செல்போனைத் தட்டிப் பார்ப்பார்கள்? வைக்க வேண்டாம் என்றார்கள். மத்தியானம் லுஹர் தொழுகைக்கே எடுத்துவிட்டார்கள்.

ஜெய்பு வந்து இறங்கியபோது ஒன்றே முக்கால். அடக்கம் முடித்துத் திரும்பிய ஆம்பளைகள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மகனாக இருந்தால் கபர்ஸ்தானுக்காவது ஓடி ஒரு பிடி மண் போட்டிருக்கலாம். அவர்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. மகளுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கும் முகம்தான், அதை விட்டால் ஒன்றுமில்லை. மீனம்பாக்கத்திலிருந்து அவள் பதினொரு முறை போன் பண்ணியிருந்தாள். அண்ணனுடைய போன் அணைந்து கிடந்தது.

வாசலிலேயே நின்று கத்தித் தீர்த்தாள். முந்தின விமானத்திலேயே ஏறியிருப்பாள் என்று அண்ணன் சாதித்தும், ஒன்றே முக்காலுக்கே எப்படி வந்தாள் என்று ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பை அடைக்க ஜெயினுலாபுதீன் ஒரு வேலை செய்தான். பள்ளிவாசல் வெளிச்சுவரில், தொழுகை நேரங்கள் எழுதிய பலகைக்குப் பக்கத்தில், பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு போர்டு மாட்டினான். 'வெளிநாட்டிலிருந்து வருவோர் பயண நேரம். துபாய் – நாலு மணி. ஜித்தா – ஆறு மணி. மலேசியா – ஆறரை மணி.' அதற்குக் கீழே, இந்தக் கணக்குப்படி அஸருக்குள் வந்து சேர முடியாதவர்களுக்காக மய்யித்தை வைத்திருப்பதில்லை என்ற ஜமாஅத் தீர்மானம். அதற்கும் கீழே, உபயம் என்று போட்டு அவன் பெயர். அன்றிலிருந்து பெற்ற தாய் சாவுக்கு நேரத்தோடு வராத மகள் என்ற பட்டம் ஜெய்புவுக்கு நிலைத்தது. மலேசியாவை விட்டுத் திரும்பி வந்த பிறகும் அவள் கடப்பாக்கத்தில் குடியேறாமல் மாமல்லபுரத்தில் கடை போட்டது அதனால்தான்.

இன்று அந்தப் போர்டு அவன் மகளுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்பாக்கம் தாண்டியதும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஷபீர் மெதுவாக ஆரம்பித்தான். "போன ஒடனே பள்ளிவாசல் முத்தவல்லி கிட்ட சொல்லிடு, நாலு மணி நேரம்தான்னு. புள்ள பாவம்."

"நான் சொல்ல மாட்டேன். நீயும் வாயத் தொறக்கக் கூடாது."

"ஜெய்பு..."

"அவன் சொல்லட்டும். ஊரக் கூட்டி வச்சி அவன் வாயால சொல்லட்டும், நாலு மணி நேரம்னு எனக்கு அன்னிக்கே தெரியும், தெரிஞ்சேதான் பண்ணேன்னு. அதக் கேக்காம இந்த உசுரு போவாது."

"சொல்லலன்னா?"

அவள் ஜன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள். மய்யித்தைத் தூக்கிப் போகும் சந்தாக்குப் பெட்டியில் ஆட்கள் கை வைக்கிற வரைக்கும் பொறுப்பது. கை வைத்துவிட்டால் ஓடிப்போய் நாலு மணி நேரம் என்று கத்திவிடுவது. ஹனியாவுக்குத் தன் கதி வரக் கூடாது. ஆனால் இந்தக் கடைசிக் கோடு அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும், ஷபீருக்குக்கூட வேண்டாம். பச்சை மனசுக்காரன், முகத்திலேயே காட்டிவிடுவான்.

கடப்பாக்கம் வீட்டில் ஆபிதாவைக் குளிப்பாட்டும்போது ஜெய்புவும் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் வாசலில் கத்திக்கொண்டிருந்தபோது வெளியே வந்து கையைப் பிடித்தவள் இந்த ஆபிதா ஒருத்திதான். "நான் எவ்ளோ சொன்னேன் ஜெய்பு, கேக்கலியே" என்று அழுதாள். அந்தக் கையைத்தான் ஜெய்பு இப்போது சோப்பு போட்டுக் கழுவினாள். அண்ணி, உன் மகள் உன்னைப் பார்ப்பாள், ஆனால் உன் புருஷனை நான் சும்மா விட மாட்டேன், இரண்டுக்கும் என்னை மன்னித்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கஃபன் துணி போர்த்தி முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். ஜெய்பு தேடிப்பிடித்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பந்தல், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகளில் ஜமாஅத்தார். நடுவில் முத்தவல்லி மஸ்தான் பாய், மளிகைக் கடைக்காரர். கையில் ஜெயினுலாபுதீனுடைய செல்போனைத் தூரப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பதினொண்ணரைக்கு ஏறுறா. ஒரு மணிக்கு இறங்குறான்னு போட்டுக்கீது. இன்னாபா இது, ஒன்றரை மணி நேரத்துல மலேசியாவுல இருந்து வந்துட முடியுமா? ஒன்றரை மணில நம்ம பஸ்ஸு செங்கல்பட்டுக்கே போவாதே."

"அது வேற டைம் பாய்" என்றான் ஜெயினுலாபுதீன். பருத்த உடம்பு வேர்வையில் ஊறியிருந்தது. "இப்பல்லாம் புது ஏரோப்ளான். ஸ்பீடு ஜாஸ்தி. நாலு மணி நேரத்துல வந்துடும்."

"நீ அன்னிக்குக் காட்டின டிக்கெட்ல ஆறரை. போர்டுல ஆறரை. இதுல ஒன்றரை. வாயில நாலு. எத நம்புறது?"

ஜன்னலுக்குள் ஜெய்பு தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழி இல்லை.

மீரான் எழுந்தான். மீன் ஏலத்தில் வேலை, சும்மாவே சத்தமாகப் பேசுகிறவன். "பாய், போன வருசம் எங்க அத்தா மௌத்தானப்போ என் தம்பி அதே மலேசியாவுல இருந்துதான் வந்தான். போர்டப் பாத்துட்டு லுஹருக்கு எட்துட்டீங்க. அவன் வந்து மண்ணத்தான் பாத்தான். இவரு பொண்ணுக்கு மட்டும் ஏரோப்ளான் ஸ்பீடாயிடுச்சா? முதலாளிக்கு ஒரு போர்டு, மீரானுக்கு ஒரு போர்டா?"

பந்தலில் ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. மஸ்தான் பாய் கையை உயர்த்தி அமர்த்தினார். நியாயம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார், அதில் அவரை அசைக்க முடியாது.

"அங்க டைமு ரெண்டரை மணி முன்னாடி ஓடும் பாய்" என்று ஜெயினுலாபுதீன் கடைசியில் உள்ளதைச் சொன்னான். "போவும்போது டிக்கெட்ல ஆறரை மாதிரி தெரியும். வரும்போது ஒன்றரை மாதிரி தெரியும். நெஜம் நாலு. அன்னிக்கு எனக்கு அது தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

தப்பிக்கப் பார்க்கிறான். ஜெய்புவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோலாலம்பூர் விமான நிலைய வாசல் கண் முன்னால் வந்து நின்றது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் சுவர்க் கடிகாரத்தை முறைத்துவிட்டு, "இன்னாடா இது, ரெண்டு மணிதானே ஆவுது" என்று ஷபீரைக் கேட்டான். ஷபீர் விளக்கினான். அண்ணன் தன் தங்கக் கலர் வாட்சின் திருகை இழுத்து, முள்ளை நாலரைக்குத் திருப்பி, காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையில் கட்டினான். பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். தெரியாதாம்!

மஸ்தான் பாய் தாடியைத் தடவினார். "ஒன் தேவைக்கு நீ மாத்திப் பேசுறதா ஊரு சொல்லும்பா. மலேசியாவுல பதினோரு வருசம் இருந்தவ உள்ள கீது. அது சொல்லட்டும், முடிஞ்சிடும். ஏம்மா ஜெய்பு! நாலு மணி நேரம்தானா?"

பந்தல் மொத்தமும் ஜன்னலைப் பார்த்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக இந்த ஊர் அவளிடம் ஒன்று கேட்கிறது. அண்ணன் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெய்பு. சொல்லும்மா."

இப்போது மட்டும் 'சொல்லும்மா'வாம். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே கேட்கும்படி சொன்னாள். "சொல்றேன் பாய். அதுக்கு முன்னாடி அண்ணன ஒண்ணு கேட்டுக்கறேன். டைமு வித்தியாசம் உங்களுக்கு எப்போ தெரியும்ணே?"

"இன்னிக்குத்தான்."

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

"இன்னிக்குத்தான்னு சொல்றேன்ல."

"அப்போ எனக்கும் தெரியாது பாய்" என்றாள் ஜெய்பு. "நான் ஆறரை மணி ஏரோப்ளான்ல வந்தவளாச்சே. போர்டுல போட்டுக்கீதே, பாருங்க."

கம்பியைப் பிடித்த அண்ணனின் விரல்கள் வெளுத்தன. அவன் தணிந்த குரலில், உள்ளே இருக்கிற பெண்களுக்குக்கூட கேட்காதபடி பேசினான். "பழி வாங்குற நேரமாடி இது? ஹனியா ஒன் மேல உசுர வச்சிக்கீற புள்ளடி."

"நானும் எங்கம்மா மேல உசுர வச்சிருந்தேன்."

அவன் ஷபீரைத் தேடினான். ஷபீர் பந்தல் மூலையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. விமானம் இந்நேரம் கடல் மேலிருந்து கரையை நெருங்கிக்கொண்டிருக்கும் என்று ஜெய்பு நினைத்தாள். ஜன்னல் ஓர சீட்டாக இருந்தால் ஹனியா கீழே படகுகளைத் தேடுவாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மஸ்தான் பாய் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "இன்னா பண்றது. எல்லாருக்கும் ஒரே சட்டம். சந்தாக்க உள்ள கொண்டு போங்க. மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்கம்மா."

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். ஜெய்புவும் பார்த்தாள். ஆபிதாவின் முகம் அசந்து தூங்குகிறவள் முகமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சொல்லுடா என்று அவள் பல்லைக் கடித்தாள். சொல்லித் தொலையேன்டா. உன் மகள்தானே. எனக்குக் கெஞ்ச வராது, ஆனால் இதோ கெஞ்சுகிறேன், சொல்லு.

முகத்தை மூடித் தலைமாட்டில் முடிச்சுப் போட்டார்கள். தூக்கி சந்தாக்கில் வைத்தார்கள். நாலு பேர் குனிந்தார்கள். நாலு பேரும் கை வைத்தார்கள்.

ஜெய்பு எழுந்துவிட்டாள். தோற்றாயிற்று. இவன் கல், இவனிடம் வாங்க ஒன்றும் இல்லை, புள்ளை முகம் பார்த்தால் போதும் என்று இரண்டு எட்டில் நிலைப்படியை அடைந்தாள். நாலு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்!"

ஜெயினுலாபுதீனின் சத்தம். பந்தலே திடுக்கிட்டது.

"எடுக்காதீங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். நாலு மணி நேரம்தான். மலேசியாவுல இறங்கினப்பவே ஷபீர் சொன்னான். என் கையாலயே வாட்ச்ச திருப்பி வச்சிக்கினேன். தெரிஞ்சேதான் அந்த டிக்கெட்டக் காட்டினேன். ஜெய்பு பத்தரைக்கு இறங்கிடுவான்னு தெரியும். அவ போன் பண்ணுவான்னு போன அமத்திப் போட்டேன். அவ பாக்கக் கூடாதுன்னுதான் பண்ணேன்."

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சந்தாக்கில் கை வைத்த நாலு பேரும் கையை எடுத்தார்கள். ஜெய்பு நிலைப்படியிலிருந்து ஓர் எட்டு பின்னால் வந்து, சுவரோடு சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். அவள் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பாய்ந்தது மீரான். "அப்போ என் தம்பி? எங்க அத்தா மொகத்த அவன் பாத்திருக்கலாம், இல்ல? சொல்லுய்யா!" இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பிடியிலிருந்து திமிறியவன் நேரே தெருவுக்கு ஓடினான். பள்ளிவாசல் பக்கமிருந்து தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடங்கிப்போன பச்சை போர்டை ஜெயினுலாபுதீனின் முன்னால் வீசினான். உபயம் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் கசங்காமல் இருந்தது.

மஸ்தான் பாய் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அன்னிக்கு நானும்தாம்மா எடுக்கச் சொன்னேன்" என்றார். "பொண்ணு வரட்டும். அஸருக்கு எடுக்கலாம்."

ஒன்று பத்துக்கு ஜெயினுலாபுதீனின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை, எடுக்கக் கை வரவில்லை. மஸ்தான் பாயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அத்தா, இறங்கிட்டேன்" என்றாள் ஹனியா. பின்னால் விமான நிலைய அறிவிப்பு தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரும் பார்த்தார். மூன்று வருடமாக ஜெய்புவைத் தூற்றிய வாய்கள் எல்லாம் அப்போது கப்பென்று மூடிக்கொண்டன. அந்த அமைதியை அவள் காது குளிரக் கேட்டாள். இப்படி ஒரு அமைதிக்கு இன்னும் மூன்று வருடம்கூட காத்திருந்திருப்பாள்.

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்ஸி வந்தது. ஹனியா செருப்போடு கூடத்துக்குள் ஓடி வந்தாள். ஜெய்பு தலைமாட்டு முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தாள், துணியைத் தன் கையால் விலக்கினாள். புள்ளை அம்மாவின் நெற்றியில் நெற்றியை வைத்து அழுதாள். நன்றாக அழு என்று ஜெய்பு சொன்னாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பார்க்க ஒரு முகம் இருக்கிற அழுகை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. தனக்கு அது கிடைக்கவில்லை. அண்ணன் ஆயிரம் பேர் நடுவில் ஒப்புக்கொண்டாலும் அம்மாவின் முகத்தை இனி யாரும் திறந்து காட்டப் போவதில்லை. அது புரிந்ததும், மத்தியானம் குளிர்ந்த நெஞ்சு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.

அஸருக்கு எடுத்தார்கள். அடக்கம் முடிந்து ஆம்பளைகள் திரும்பினார்கள். மூன்று வருடத்துக்கு முன் கால் கழுவிய அதே குழாயடியில் கழுவினார்கள். ஹனியாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டிவிட்டு ஜெய்பு வெளியே வந்தாள். ஷபீர் பேருந்துக்கு நேரமாயிற்று என்று தெருமுனையில் நின்றான்.

குழாயடியில் அண்ணன் தனியாக நின்றான். ஒருவரும் அவனிடம் பேசவில்லை. ஒரே பகலில் அரை ஆளாகிவிட்டான். அவள் செருப்பு மாட்டியதும் பக்கத்தில் வந்தான்.

"மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு யோக்கியத இல்ல, ஜெய்பு."

"இல்ல" என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. சந்தாக்குல கை வச்சிட்டாங்க. நான் வாயத் தொறக்காமலே இருந்திருந்தா... நீ சொல்லியிருப்பதானே? ஹனியாவ அப்படி வுட்டிருக்க மாட்டதானே?"

அவன் கண்ணில் ஓர் ஆசை இருந்தது. அவள் ஆமாம் என்றால் போதும். தங்கை நல்லவள், எப்படியும் சொல்லியிருப்பாள், மகள் எப்படியும் பார்த்திருப்பாள் என்று அவன் இன்றைக்குப் படுத்துத் தூங்கிவிடுவான். நிலைப்படி வரைக்கும் வந்து நின்ற தன் காலும், நாக்கு நுனியில் நின்ற சொல்லும் ஜெய்புவுக்கு நினைவு வந்தன. அந்தப் போர்டு மூன்று வருடம் சுவரில் தொங்கியதும் நினைவு வந்தது.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். "எடுத்துட்டுப் போவட்டும்னு பாத்துக்கினுதான் உக்காந்திருந்தேன்."

அவன் முகம் செத்துப்போனதை நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள். அவன் சொன்ன ஆறரை மணி நேரத்தை மூன்று வருடம் அவள் சுமந்தாள். அவள் சொன்ன இதை அவன் சாகிற வரைக்கும் சுமக்கட்டும்.